அது கோபம் இல்லை, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மகனுக்கு வேலை கிடைத்த செய்தியை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். என் முட்டிவலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறிவிடுகிறேன். மற்றக் கதையெல்லாம் அப்புறம். உன் பச்சோந்தி விஷயத்துக்குத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

"மூன்று நாளாகக் கறுத்துக் கிடக்கிறாள், கிட்டப் போனால் வாயைப் பிளக்கிறாள், என்மேல் என்ன கோபமோ" என்று வருத்தப்பட்டிருக்கிறாய். உடம்பில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் வந்திருப்பதையும், கூண்டின் அடியில் இறங்கிப் பிறாண்டுவதையும் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்த இரண்டு வரிதான் முக்கியம். கோபம் இல்லையடி, முட்டையாக இருக்கும். வெயில்டு (veiled) என்கிற இந்தப் பச்சோந்தி வகையில் பெண், ஆண் துணையே இல்லாமல் வளர்ந்தாலும் முட்டை வைக்கும், குஞ்சு வராது, அவ்வளவுதான். வயிற்றில் முட்டை இருக்கும்போது உடம்பு கறுத்து இப்படிப் புள்ளி போடும். கிட்டே வருகிற ஆணை 'வராதே' என்று விலக்குகிற நிறம் அது.

தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆழமான வாளி ஒன்றில் ஓரடி உயரத்துக்கு ஈரமணல் நிரப்பி இன்றைக்கே கூண்டுக்குள் வை. குழி தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரம் இருக்கட்டும். கூண்டைச் சுற்றித் துணி கட்டிவிடு, ஆள் பார்ப்பது தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடுவாள். பகலில் கண்ணை மூடிக் கிடந்தாலோ, கிளையில் பிடி தளர்ந்தாலோ காத்திருக்காதே. ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோ.

நிறத்தை மட்டும் பார்த்து மனசைக் கணக்குப் போட்டு நானும் தவறியிருக்கிறேன். என் ஆண் பச்சோந்தி மணி வந்த புதிதில் தினமும் மத்தியானம் ஜொலிப்பான். மஞ்சள் பட்டை, பச்சை நீலம், நடுவே ஆரஞ்சு. சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்து வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருநாள் அவன் உட்கார்ந்திருந்த கிளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். அந்த நேரத்து வெளிச்சத்தில் கூண்டின் கண்ணாடிப் பக்கத்தில் இன்னொரு பச்சோந்தி நின்றுகொண்டிருந்தது. அவனுடைய பிம்பம். உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தொண்டையை உப்பவைத்து, வாலைச் சுருட்டி அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறான், வாரக்கணக்கில். தோற்று ஓடாத எதிரி. அன்றைக்கே காகிதம் ஒட்டி மறைத்தேன். இரண்டு நாளில் வெறும் இலைப் பச்சைக்கு வந்துவிட்டான். அந்தச் சாதாரணப் பச்சைதான் அவனுடைய நிம்மதி என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு தேடிப் படித்தேன். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே வகை ஆண் பச்சோந்திகளை மோதவிட்டு நிறத்தை அளந்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். பக்கப் பட்டைகள் அதிகம் பிரகாசமானவை துணிந்து முன்னேறின. தலையின் நிறம் வேகமாக மாறியவை பெரும்பாலும் ஜெயித்தன. பின்வாங்குகிறது கறுத்துப்போகும். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை வைத்து ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் காரணத்தையும் காட்டினார்கள். தோல் செல்களுக்குள் குவானின் என்கிற பொருளின் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும், தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். ஆவேசம் வந்தால் இடைவெளி விரிந்து மஞ்சள், சிவப்பு பக்கம் நகரும். ஆளுக்குத் தக்கபடி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். மனசில் உள்ளதை இதைவிட வெளிப்படையாகக் காட்டுகிற பிராணியை நான் பார்த்ததில்லை. சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகிவிடும் என்பதும் கட்டுக்கதைதான்.

கறுப்பிலும் பல கறுப்பு உண்டு. காலையில் மணி விளக்குக்குக் கீழே வந்து பக்கவாட்டில் திரும்பி நிற்பான். வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும் கரிபோல இருக்கும், மறுபக்கம் வெளிறிய பச்சை, முதுகெலும்பு நெடுகக் கோடு கிழித்த மாதிரி. அது வெப்பத்தை இழுக்கிற கறுப்பு. உடம்பு சூடானதும் தானாகக் கலைந்துவிடும். மதியம் தாண்டியும் கலையாமல், உடம்பு தட்டையாகி வாயும் பிளந்திருந்தால்தான் பயம் அல்லது தொந்தரவு என்று எடுத்துக்கொள்வேன். அதனால் நிறத்தோடு நேரத்தையும், நிற்கிற விதத்தையும், எதிரில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார். முட்டை இறங்கும்வரை கையில் எடுக்காதே, இலையில் தண்ணீர் மட்டும் அடிக்கடி தெளித்துக்கொண்டிரு.

மணலில் இறங்கினாளா என்று தெரிய வேண்டும். அடுத்த கடிதம் வரும்வரை என்னால் பொறுக்க முடியாது, போன் பண்ணு.

அன்புடன்,
உன் வசந்தா