டெஸ்டர் எரிந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வீடுகளில் பேஸ் (மின்சாரம் வரும் வயர்) எது, நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) எது என்பதை வயரின் நிறத்தை வைத்தே பலர் முடிவு செய்கிறார்கள். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்) என்பது வழக்கம்தான். ஆனால் கையிலிருந்த துண்டு வயரைப் போட்டு ஒட்டிய பழைய வீடுகளில் நிறம் பொய் சொல்லும்.

டெஸ்டரை (மின்சாரம் இருந்தால் எரியும் சிறு விளக்கு உள்ள ஸ்குரூடிரைவர்) முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பாயிண்டில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். வலதில் மட்டும் எரிய வேண்டும். இரண்டிலும் எரிந்தால், பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் அறுந்து, ஆன் செய்திருக்கும் பல்பு, மின்விசிறி வழியாக பேஸ் திரும்பி வருகிறது என்று பொருள். அந்தக் கறுப்பு வயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்!

வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டர் இன்னும் நம்பகமானது. ஏ.சி. வோல்டில் வைத்தால் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த் இரண்டும் சுமார் 230 காட்டும். நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்தான். அங்கே 30, 40 காட்டினால் எர்த்தையும் நியூட்ரல் இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, சுவிட்சை நியூட்ரலில் போடுவது. ஆஃப் செய்தாலும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். அணைத்த எல்.இ.டி. பல்பு இரவில் மங்கலாக மினுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே பல்பு பாயிண்டில் கை வைக்குமுன் மெயினையே அணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதையும் சேர்த்து.

– வீட்டு வயரிங் பணியாளர்கள், மதுரை