இசைக்கவைப் பெட்டியோடு வந்த அண்ணனுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்துவிட்டது. கணினியோடு இணைத்து இயற்பியல் சோதனை செய்ய உதவும் எக்ஸ்பைஸ் (ExpEYES) கருவியிலிருந்து காலத்தையும் மின்னழுத்தத்தையும் வெறும் எண்களாகக் கொட்டிய நம் நிரல், இப்போது அலையை வரைகிறது, ஃபூரியே பகுப்பாய்வு செய்து, அதாவது அலையில் கலந்திருக்கும் அதிர்வெண்களைப் பிரித்து, அதிர்வெண்ணும் சொல்கிறது.

ஆனால் அது சொல்வது சரிதானா? அந்தக் கவலையில் இருந்தபோதுதான் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன், யாரும் கேட்காமலே, இசைக்கவைப் பெட்டியை எடுத்து வந்தார். 256 முதல் 512 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொன்றிலும் அதிர்வெண் பொறித்தது. துடைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, மைக் அருகே சலிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதிர்வெண் வரைபடத்தில் முகடுகள் அந்தந்த எண்ணிலேயே வந்தன.

அதோடு அவர் விடவில்லை. 256 கவை இரண்டு இருந்தன. ஒன்றின் புயத்தில் துளி மெழுகு ஒட்டி, "இப்போ பாருங்க சார்" என்றார். மெழுகு ஏறிய கவை சற்று மெதுவாக அதிரும், இரண்டும் சேர்ந்தால் விம்மல், அதாவது ஒலி கூடிக் கூடிக் குறையும். காதுக்கு விம்மல் நன்றாகக் கேட்டது, திரையிலோ ஒரே முகடு. அதுவரை எடுத்த 0.1 வினாடிப் பதிவில் 10 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட வித்தியாசம் பிரியாது அல்லவா? 100 மைக்ரோவினாடிக்கு ஒன்றாக 10,000 புள்ளிகள், அதாவது முழுசாக ஒரு வினாடி பதிவு செய்தோம். அலை வீங்கி அடங்குவது தெரிந்தது, முகடும் இரண்டாகப் பிரிந்தது. வினாடிக்கு எத்தனை விம்மலோ, முகடுகளுக்கு நடுவே அத்தனை ஹெர்ட்ஸ். மாணவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் பகுதிறனை, அதாவது நெருங்கிய இரு அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் திறனை, இவ்வளவு தெளிவாக நான் காட்டியதில்லை.

இரவெல்லாம் நிரல் எழுதிய மாணவர்கள், கணினி தந்த துறையினர், பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோர் எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்பைஸை உருவாக்கி, அதன் வடிவமைப்பையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தாருக்கும் (IUAC, டெல்லி), நம்பை, சைபை, பைக்யூடிகிராஃப் ஆகிய பைதான் நிரல் தொகுப்புகளைப் பராமரிப்பவர்களுக்கும் அப்படியே. நாங்கள் சேர்த்ததும் திறந்தே இருக்கும். எந்தக் கல்லூரி கேட்டாலும் தருவோம், நேரில் வந்து நிறுவியும் கொடுப்போம்.

அண்ணா, கையேட்டில் முதல் சோதனை உங்கள் மெழுகுச் சோதனைதான். அதன்மேல் உங்கள் பெயரைப் போட விரும்புகிறோம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.