கூத்து வீடியோவும் 15 மீற்றர் வயரும்

கல்லடி,
ஞாயிறு இரவு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் வழமைபோல.

போன வருடம் நம் ஊர் வடமோடிக் கூத்தை நான் கமராவில் எடுத்தேனே, அதை அம்மாவுக்குப் பெரிய தொலைக்காட்சியில் காட்டப் பட்ட பாட்டைக் கேள். நீயும் பென்டிரைவும் கையுமாக அலைகிறாயாம், உனக்கும் உதவும்.

முதல் மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பாக்கினேன். 1920க்கு 1080 படம், நொடிக்கு 25 மெகாபிட். கணக்குப் பார்த்தால் ஒரு மணி நேரமே 11 கிகாபைட்டுக்கு மேல். என் பென்டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய ஃபேட்32 முறையில் இருந்தது. அது 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. யூடியூபில் ஏற்றிவிட்டுப் பாருங்கள் என்றான் மருமகன். உள்ளறையில் இருப்பதை ஹோலில் பார்க்கக் கடல் கடந்து அனுப்புவதா? கல்லடியிலிருந்து பக்கத்து நாவற்குடாவுக்குப் போகத் தூரத்து ஓட்டமாவடியைச் சுற்றுகிற கதை. டேட்டாவுக்குக் காசு வேறு.

கடைசியில், கணினியிலுள்ள படத்தை வீட்டுக்குள்ளேயே தொலைக்காட்சிக்கு அனுப்புகிற ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, தொலைக்காட்சியில் அதன் செயலியையும் இறக்கினேன். படம் வீட்டு ரவுட்டர் வழியாகவே போகும். இணைய டேட்டா ஒரு துளியும் செலவாகாது. மென்பொருள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. வில்லங்கம் வைஃபையில் இருந்தது. கட்டியகாரன் வாயைத் திறப்பான், படம் நிற்கும், வட்டம் சுற்றும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எங்கள் ஒழுங்கையிலோ வீட்டுக்கு வீடு ரவுட்டர். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். வேகம் உண்டு, ஆனால் அப்பா கட்டிய இரண்டு கல்சுவரைத் தாண்டுவதற்குள் அது களைத்துப்போனது.

பிறகு 15 மீற்றர் லான் வயர் வாங்கி, ஜன்னல் சட்டத்தில் துளையிட்டு, ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு இழுத்தேன். கணினி முன்பே வயரில்தான் இருந்தது. தொலைக்காட்சியின் லான் துளை 100 மெகாபிட்தான், நமக்கு வேண்டியது அதில் கால்வாசி. அன்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. சுவரோரம் வயர் ஓடுவது அழகில்லை என்று மனைவி முணுமுணுக்கிறாள், அது நியாயம்தான்.

ஒன்றைக் கவனித்துக்கொள். வீடியோவைச் சுருக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. கமராவின் எச்.264 முறைக் கோப்பைத் தொலைக்காட்சி அப்படியே வாசித்துவிடும், கணினிக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும். மருமகன் தந்த, அதைவிடப் புதிய எச்.265 முறைக் கோப்பை என் பழைய தொலைக்காட்சிக்கு வாசிக்கத் தெரியவில்லை. கணினி ஓடஓட மாற்றிக் கொடுத்தது. அதன் விசிறி நெல் ஆலைபோல இரைந்தது.

அம்மா பாயில் கால்நீட்டி இருந்து முழுவதையும் பார்த்தார். கூத்தர் உடுக்கும் கரப்புடுப்பில் தைத்த கண்ணாடித் துண்டுகளையும், மத்தளத்தில் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் விரல் விழுகிற இடத்தையும் கைபேசியில் கண்டிருக்கவே முடியாது. திடீரென்று, “நிறுத்து, களரிக்கு அந்தப் பக்கம் பார்” என்றார். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், வாயைத் திறந்தபடி, சால்வையைத் தலைக்கு வைத்து நீ!

விடிய விடியப் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாயே. வீடியோவில் 2 மணி 14ஆவது நிமிடம். வரும்போது காட்டுகிறேன்.

உன் மச்சான்