வெண்ணெய்ப் பசுவைப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கோடைச் சுற்றுலா பற்றிய உங்கள் கட்டுரையில் நயாகராவும் டிஸ்னியும் இருந்தன. மாநில அளவில் நடக்கும் வேளாண் கண்காட்சிகள் விடுபட்டுவிட்டன. அயோவா மாநிலத்தில் பிள்ளைகளை வளர்த்த எங்களுக்கு ஆகஸ்ட் என்றாலே தலைநகர் டெமாய்னில் நடக்கும் மாநிலக் கண்காட்சிதான். 1854-இல் தொடங்கியது அது. குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் சுமார் 270 கிலோ வெண்ணெயில் நிஜ அளவுப் பசு நிற்கும். 1911 முதல் வரும் வழக்கம். இத்தனை வெண்ணெய் வீணாகிறதே என்று என் மாமியார் பதறினார். அதையே பல ஆண்டுகள் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் மனம் ஆறினார்.

என் மனசுக்கு நெருக்கமானது மாவட்டம் போன்ற கவுன்டி அளவில் நடக்கும் சிறிய கண்காட்சி. ஃபோர்-எச் (4-H) என்ற சிறுவர் மன்றத்தின் பிள்ளைகள் தாங்களே வளர்த்த கால்நடைகளை நடுவர்முன் நடத்திக் காட்டுவார்கள். என் மகளின் தோழி ஒருத்தி வைக்கோலில் மண்டியிட்டுத் தன் காளையின் வால்முடியைச் சீவிக்கொண்டே இருந்தாள். ஏலத்தில் அது கைமாறியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். என் மகளும் கூடவே அழுதாள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க இங்கு வரும் பெரியவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி,
அயோவா