போர்வீரர் நிலுவை: தாமதித்தால் இழப்பு

ஆசிரியருக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் வாழும் 1971 போர்க்கால வீரர்களுக்கு ஓய்வூதிய நிலுவை கேட்டு மனு எழுதித் தருபவர்கள் கவனிக்க:

முதலில் படையிலிருந்து விலகும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், மற்றதில் தந்தை பெயர் முழுதாக இருந்தால் பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் கோப்பு அங்கேயே நின்றுவிடும். மனைவியின் பெயர், பிறந்த தேதிக்கும் இதே கதிதான். இதை இப்போதே திருத்தாவிட்டால் பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் சிக்கும்.

மனு போக வேண்டியது அவரவர் ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு (பணிப் பதிவேடுகள் உள்ள அலுவலகம்). மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன்; மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. சர்வீஸ் நம்பர், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கோவை பஸ் வாசலிலேயே நின்றாலும், கேரளத்தில் குடியிருப்பவர் உதவிக்குப் போக வேண்டியது பாலக்காடு சைனிக (முன்னாள் படைவீரர்) நல அலுவலகம்.

6 மாதமாகியும் பதில் இல்லையென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இங்குள்ளவர்களுக்குக் கொச்சி அமர்வு. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை அமர்வு. நினைவூட்டல் கடிதமாகவே எழுதிக்கொண்டிருப்பதுதான் பெரிய தவறு. 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இத்தகைய வழக்குகளில் தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கைநழுவுகிறது.

- வாசகர், கொழிஞ்சாம்பாறை