பனியன் கம்பெனிக்குத் திரும்பாத தாய்மார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்புவதற்குச் சற்றுத் தாமதமானால் போதும், திருப்பூரில் ஆள் பற்றாக்குறை என்ற செய்தி நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அதே ஊரில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டித் தேர்ந்த பெண்கள் பிள்ளை பெற்றபின் வீட்டோடு நின்றுபோவது மட்டும் செய்தியாவதில்லை.

வேலையின்மை விகிதத்திலும் இவர்கள் தென்படமாட்டார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கெடுப்பில், வேலை தேடுபவர்களும் கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களுமே வேலையற்றவர்கள். வீட்டுவேலை மட்டும் பார்ப்பவருக்கு 92 என்ற குறியீட்டை இட்டு, வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் அடங்கிய தொழிலாளர் படைக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். மாணவிகளையும் முதியவர்களையும் சேர்த்த கணக்குதான் என்றாலும், 2023-24இல் நாட்டில் 15 வயது நிறைந்த பெண்களில் 41.7 சதவீதத்தினரே அந்தப் படைக்குள் இருந்தனர். 2017-18இல் இருந்த 23.3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய உயர்வுதான். ஆனால் அதில் கணிசமான பங்கு கிராமப்புறச் சுயதொழிலும் குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுவதும்.

இந்தத் தாய்மார்களுக்கு வேலை செய்ய மனமில்லை என்று சில முதலாளிகள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கும் பெண்கள் பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விடுப்பு முடியும்போது குழந்தைக்கு அதிகம் போனால் ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். பால்வாடியில் சேர்க்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். அந்த ஒன்றரை ஆண்டை மாமியாரோ தாயாரோ உடனில்லாத, பிழைப்புக்காக இங்கே குடிவந்த குடும்பம் எப்படிக் கடக்கும்? அப்படியே கடந்தாலும், பால்வாடி மாலைக்குள் மூடப்படுகிறது. ஆர்டர் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் கம்பெனியை விட்டு வெளியே வர இரவு எட்டரை ஆகிறது. கட்டணமில்லாப் பேருந்து செலவைக் குறைத்திருக்கிறதே தவிர, இந்த நேர இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. கணவன்மார் பங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். நான் பார்த்த ஒரு கம்பெனியில் காப்பகம் என்று பலகை மாட்டிய அறைக்குள் ஏற்றுமதிக்கான அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஆர்டர் கொடுக்கும் பையர் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் அங்கே தொட்டில் தொங்கும் என்றார் செக்கிங் பகுதியில் இருந்த ஒரு பெண். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துதரும், ஐம்பது பேருக்குக் குறைந்த ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கோ இந்தக் கட்டாயமே இல்லை. இத்தகைய யூனிட்டுகள் நெருங்கியிருக்கும் வீதிகளில், உரிமையாளர்கள் பங்களிக்க, மாநகராட்சி இடம் தர, ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்ளும் பொதுக் காப்பகங்களை இரவு ஒன்பது மணிவரை நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.