உதிரிப்பாகம் ஊர்க் கடையில் கிடைக்கட்டும்

ஆசிரியருக்கு,

காலபோகத்துக்கு (மாரிமழையை நம்பிச் செய்யும் பெரும்போக நெற்செய்கைக்கு) முன் கமக்காரருக்கு மானியத்தில் விவசாயக் கருவிகள் வழங்கப்படுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல விடயம். ஆனால் பழுதானால் உதிரிப்பாகம் எங்கே வாங்குவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கிளிநொச்சி, பிரித்தானியர் ஆட்சியில் 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயலும், வயலை நம்பிக் கடைத்தெருவும் வளர்ந்தன. மம்பட்டி முதல் உழவு இயந்திரத்தின் பெல்ட் வரை கடனுக்குத் தந்து, நெல் விற்ற பிறகு காசு வாங்கும் கடைக்காரர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள்.

சென்ற போகத்தில், மானியத்தில் கிடைத்த என் மருந்து தெளிக்கும் கருவியின் நொசில் (மருந்து பீச்சும் முனை) உடைந்தது. அதற்குப் பொருந்தியது பரந்தனிலும் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை; கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். அது வந்து சேர்வதற்குள் புல் நெல்லை மூடிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எந்த வகைக் கருவி வரப்போகிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. ஆகவே கருவிகளைத் தெரிவு செய்யும்போதே கமக்காரருக்கான அரச அலுவலகங்களான கமநல சேவை நிலையங்கள் அப்பகுதிக் கடைக்காரர்களையும் கமக்கார அமைப்புகளையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். உதிரிப்பாகங்களை உள்ளூர்க் கடைகளில் இருப்பில் வைப்பதை, கருவி வழங்கும் நிறுவனத்துக்கு நிபந்தனையாக்கலாம்.

கமக்காரர் ஒருவர்,
முரசுமோட்டை